சேற்றில் விழுந்த அன்று எடுத்த படம்

ரந்தேபாவோ,
சுலவேசி

அன்புத் தம்பி ஹென்ரிக்குக்கு,

டமாரிஸ் அக்கா எழுதுவது. நானும் என் வீட்டுக்காரர் லெபாங்கும் நலம். அவருடைய அம்மா, என் அத்தை மட்டும் உடம்புக்கு முடியாமல் தெற்கு அறையில் படுத்திருக்கிறார். மழைக்காலத்தில் மூச்சு நின்றது. உங்கள் ஊர்க் கணக்கில் அதோடு முடிந்தது. எங்கள் கணக்கில், இறுதிச் சடங்கில் முதல் எருமையைப் பலியிடும்வரை அவர் நோயாளிதான், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வோம். எங்களோடு இருந்து பழகியவன், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் காபி கொண்டுபோய் வைக்கிறேன். சர்க்கரை போதவில்லை என்று திட்ட ஆள் இல்லாததுதான் பொறுக்கவில்லை.

நீ அனுப்பிய உன் புகைப்படப் புத்தகம் வந்தது. உலகத்து மூலைமுடுக்கெல்லாம் அலைந்திருக்கிறாய். பனியில் கலைமான் மேய்ப்பவர்கள், மணலில் ஒட்டகக்காரர்கள், நடுவில் நெற்களஞ்சியத்தின் முன்னால் எங்கள் அத்தை. ஒரு முகத்திலும் சிரிப்பில்லை. மலையிலும் பாலையிலும் இருப்பவர்களுக்குச் சிரிக்கவே தெரியாது போலிருக்கிறது தம்பி!

இப்போது அந்தப் படத்தால்தான் வம்பு. அத்தைக்குப் பலாமரத்தில் உருவம் செதுக்கக் கொடுத்திருக்கிறோம். கல்லறைப் பாறைமேல் முன்னோர்களின் உருவங்களோடு நிற்கப்போகும் உருவம். சிற்பி பாங்கோ படம் கேட்டார். கைபேசியில் இருப்பதிலெல்லாம் அத்தை வாயைக் கையால் மூடிக்கொண்டிருக்கிறார், வெற்றிலைக் கறைப் பல் தெரியக்கூடாதாம். அதனால் உன் புத்தகத்தைக் கொடுத்தோம்.

போன வாரம் பாங்கோ பாதி வேலையில் உருவத்தைக் கொண்டுவந்து காட்டினார். லெபாங் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"வேலை நல்லாத்தான் இருக்கு. ஆனா இது யாரு? எங்கம்மா இப்படி ஒரு நாளும் உம்முனு இருந்ததில்லையே."

பாங்கோவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"படத்துல இருக்கிற முகத்தைத்தானே நான் செதுக்க முடியும்? சிரிச்ச படம் ஒண்ணு குடுங்க. உதட்டுல இன்னும் மரம் மிச்சமிருக்கு, மாத்தித் தரேன்."

லெபாங் அன்று சாப்பிடவில்லை. நாளைக்கு எங்கள் பேரப்பிள்ளைகள் அண்ணாந்து பார்த்து, இவ்வளவு கடுகடுப்பான கிழவியா என்று கேட்பார்களே என்கிறார்.

அந்தப் படம் எடுத்த நாள் ஞாபகம் இருக்கிறதா? பின்னால் நகர்ந்து நகர்ந்து எருமைக் குட்டையில் விழுந்தாயே! காமிராவை மட்டும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தாய். அத்தை வாயை மூடக்கூட மறந்து சிரித்தார். நீயும் சேற்றில் உட்கார்ந்தபடியே படபடவென்று எடுத்துத் தள்ளினாய். பிறகு எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்சம் சிரிக்காம நில்லுங்கம்மா" என்றாய். பாவம், உனக்காக அடக்கிக்கொண்டு நின்றார். புத்தகத்தில் போட்டது அதைத்தான்.

உன்மேல் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் அவர் கையை எடுத்துவிட்டுச் சிரித்தது உன் ஒருவன் முன்னால்தான். நீ வேண்டாமென்று ஒதுக்கிய படங்களைத் தேடிப் பார். சேறு தெறித்திருந்தாலும் சரி, கோணலாக இருந்தாலும் சரி, அனுப்பு.

அறுவடை முடிந்ததும் சடங்கு. எங்கே போனாலும் வழுக்காத செருப்பாகப் போட்டுக்கொள், கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும். படம் வந்தால் பாங்கோவிடம் கொடுக்குமுன் தெற்கு அறைக்குத்தான் எடுத்துப்போவேன். அத்தை உயிரோடு இருக்கும்போதே பார்த்துவிடட்டும், தம்பி.

உன் அக்கா,
டமாரிஸ்