அண்ணர் வாங்கித் தந்த மலை

இன்டர்லாக்கன், சுவிட்சர்லாந்து

அன்பின் தர்சினிக்கு,

நான் சுகம். நீரும் பிள்ளைகளும் எப்படி? மாமியின் கால் வீக்கம் வற்றிவிட்டதா?

அவுஸ்திரேலியாவில் இருந்து உம்முடைய அண்ணர் குடும்பத்தோடு வந்து, நான் சமைக்கும் ஹோட்டலிலேயே தங்கினார். போனில் தான் இருக்கும் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் படங்களைக் காட்டினார்.

“கடலுக்குள்ள பவளப்பாறை, கரையில மழைக்காடு, உள்ளுக்குப் போனால் செம்மண் பாலைவனம். ஒருக்கா வந்து பாருமன், மச்சான்!”

என் அகதி அட்டையோடு இந்த நாட்டு எல்லையைத் தாண்ட முடியாது. தாண்ட முடிந்தால் நான் குயின்ஸ்லாந்துக்கா போவேன்?

அவர்களோடு பனிமலைக்குப் போக ஒரு நாள் லீவு கேட்டேன். அறைகள் நிரம்பிவிட்டன என்று செஃப் மறுத்துவிட்டார். சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்பினேன். திரும்பி வந்த அண்ணர், “நீர் குடுத்துவைச்ச ஆள், ஒவ்வொரு நாளும் உந்த மலையைப் பாக்கிறீர்” என்றார். சமையலறை ஜன்னலுக்கு நேரே குப்பைத் தொட்டிகள்தான் இருக்கின்றன.

நீர் அனுப்பிய மிளகாய்த்தூள் அவர்களுக்குச் சமைத்ததில் முடிந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் இடித்து அனுப்பும். சின்னவள் பாடுவதையும் பதிந்து அனுப்பும்.

போகும்போது அண்ணர் எனக்கொரு பரிசு தந்தார். மலை உச்சிக் கடையில் வாங்கிய, பனிமலைப் படம் போட்ட காந்தம். பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். வெங்காயம் எடுக்கப் போகும்போதெல்லாம் இப்போது நானும் மலை பார்க்கிறேன்.

செஃப் கத்துகிறார், போகிறேன்.

சிவநேசன்