முப்பத்தொரு சரிம்மா

அன்புள்ள வாயாடிக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகம், நீ எப்படி என்று ஆரம்பிக்கத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் நான் சுகமா இல்லையா என்பது இரண்டு மாதமாக என்னைவிட உனக்கும் உன் அண்ணனுக்கும்தான் நன்றாகத் தெரியும் என்பதால் அந்த வரியை நீயே பூர்த்தி செய்துகொள். மாப்பிள்ளையும் நீயும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே குளிர் குறைந்ததா, நீ அனுப்பிய போட்டோவில் கழுத்தில் ஒன்றும் சுற்றாமல் நிற்கிறாய், சளி பிடித்த பிறகு மருந்துக் கடையைத் தேடி ஓடாதே. இங்கே சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, ஆள் கூப்பிடு என்றால் உன் அண்ணன் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு துணியைக் கட்டி வைத்திருக்கிறான், இப்போது துணியிலிருந்து ஒழுகுகிறது. மாடி வீட்டுக்காரர் ஒரு நாய் வாங்கியிருக்கிறார், அது அவரைத் தவிர எல்லோரிடமும் பிரியமாக இருக்கிறது. செய்திகள் முடிந்தன. இனி விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், இல்லாவிட்டால் அழுவாய், இரண்டுக்கும் இடம் கொடுக்கக் கூடாது என்றுதான் காகிதத்தை எடுத்தேன். எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. என் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருப்பது தெரியும், ஆபரேஷன் வேண்டாம் என்று அண்ணனும் தங்கையும் சேர்ந்து முடிவு செய்ததும் தெரியும், போன மாதம் அவ்வளவு தூரத்திலிருந்து வந்து, காரை வாடகைக்கு எடுத்து, நாலு நாள் என்னை மலை மலையாக நீ சுற்றிக் காட்டியது எதற்கு என்பதும் தெரியும்.

எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்பாய். நீதான் காட்டிக்கொடுத்தாய், வேறு யாரும் இல்லை. பேசத் தொடங்கிய நாளிலிருந்து நீ என்னோடு சண்டை போடாமல் ஒரு பொழுது போனதுண்டா? மூலைக் கடைக்குப் போய்வரப் பத்து நிமிஷம், அதற்குள் மூன்று சண்டை போடுகிற ஆள் நீ. அப்படிப்பட்டவள் காரில் ஏறியதிலிருந்து ஒரே சரிம்மா. ஜன்னலைத் திற என்றால் சரிம்மா, மூடு என்றாலும் சரிம்மா, அந்தப் பாட்டை நிறுத்து, காது வலிக்கிறது என்றேன், அதற்கும் சரிம்மா. நான் இருபத்தெட்டு வருஷம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து அணுக்களை எண்ணியவள், எண்ணுவதை நிறுத்தச் சொன்னாலும் விரல் நிறுத்தாது. இரண்டாம் நாள் காலை அறையைப் பூட்டியதிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு நிறுத்தும்வரை எண்ணினேன், முப்பத்தொரு சரிம்மா. வேண்டுமென்றே உன் தலைமுடியைப் பற்றிச் சொன்னேன், வெட்டிக்கொண்டது நன்றாகவே இல்லை, எலி கடித்த மாதிரி இருக்கிறது என்றேன். நீ சிரித்துக்கொண்டே 'அப்படியாம்மா, வளர்த்துக்கறேன்'னு சொன்னாய். எனக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது. வேலை போய்விட்டதா, மாப்பிள்ளையோடு ஏதாவது மனஸ்தாபமா என்றெல்லாம் நினைத்து ஒரு மலை முழுவதும் உனக்காகக் கவலைப்பட்டேன், என்ன அநியாயம் பார், சாகப் போகிறவளாக நீ என்னை நினைத்துக்கொண்டிருக்கும்போது நான் உனக்காக வேண்டிக்கொண்டு வந்தேன். எல்லா விடுதியிலும் கீழ்த்தள அறை, படிக்கட்டு வந்தால் எனக்குப் பின்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கோழி பிடிக்கிறவள் மாதிரி ஏறினாய், நான் தும்மினால்கூடப் போட்டோ எடுத்தாய். சின்ன வயதில் நீங்க எப்படிம்மா இருந்தீங்க என்று கேட்டுவிட்டு உன் போனை மடியில் மறைத்து வைத்துப் பதிவு செய்தாயே, எனக்குத் தெரியாதென்றா நினைத்தாய், திரையில் சிவப்புப் புள்ளி தெரிந்தது.

அதுகூடப் போகட்டும். மூன்றாம் நாள் அந்த மலைப்பாதை இரண்டாகப் பிரிகிற இடத்துக்கு வந்தோமே, அங்கே செய்தாய் பார் ஒரு வேலை. மேலே போனால் உச்சியில் ஏரி, மேகம் காலுக்குக் கீழே போகும் என்று கிளம்பும்போதே நான் ஆசைப்பட்டுச் சொல்லியிருந்தேன். நீ இறங்கிப் போய்த் செக்போஸ்ட்டில் இருந்தவரிடம் ஏதோ பேசிவிட்டு வந்து, மேலே மண்சரிவு, ரோட்டை மூடிவிட்டார்கள் என்றாய். அதோடு விட்டாயா, உனக்குப் பொய் சொல்லவும் தெரியாது, சொன்னால் நிறுத்தவும் தெரியாது, வீடு அளவுக்குப் பாறை விழுந்து கிடக்கிறது, இரண்டு வண்டி மாட்டிக்கொண்டது, மூன்று நாள் ஆகுமாம் என்று அளந்து தள்ளினாய். நான் நம்பினேன். அந்த வண்டிக்காரர்கள் பாவம் என்றுகூடச் சொன்னேன். நீ முகம் கழுவப் போனதும் டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு லாரி டிரைவர் வந்து உட்கார்ந்தார், வண்டி நிறைய உருளைக்கிழங்கு மூட்டை. மேலேயிருந்து வருகிறீர்களா, பாறையை எடுத்துவிட்டார்களா என்று அக்கறையாக விசாரித்தேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே 'என்ன பாறைம்மா? ரோடு பளபளன்னு இருக்கு, ஒரு கல்லுகூட கிடையாது, போய்ப் பார்த்துட்டு வாங்க'ன்னார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். நீ திரும்பி வந்தாய், நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் தெரியுமா, நான் அவ்வளவு உயரத்துக்குப் போகக் கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அது உனக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை என்பது அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. திரும்பி வருகிற வழி பூராவும் நான் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு வந்தேன். நீ இறக்கத்தில் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டினாய், தேய்ந்த வாடை வந்தது, அதைக்கூடச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன், இறக்கத்தில் கியரைக் குறைத்து ஓட்டு, பிரேக்கை நம்பாதே.

நீ விமானம் ஏறிய மறுநாளே நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன், தனியாக, பஸ்ஸில். ஸ்கேன் எடுத்த அன்று நான் உடை மாற்றிக்கொண்டு வெளியே வருவதற்குள் உன் அண்ணன் கவரை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, 'வயசானா மூச்சு வாங்கத்தான் செய்யும், மாத்திரை போதுமாம்'னு சொன்னான். பெற்ற பிள்ளை சொல்கிறானே என்று பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. லேபில் வேலை பார்த்தவளிடம் ரிப்போர்ட்டை ஒளித்து வைக்கிற குடும்பம் நம்முடையது ஒன்றுதான் இருக்கும். பதிவேட்டு அறையில் இருந்த கிளார்க்கிடம் என் அட்டையை நீட்டி நகல் கேட்டேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, உங்க பையன் வாங்கிட்டுப் போயிட்டாரே, அவர்கிட்ட கேட்டுக்கங்க என்றார். எனக்கு வந்ததே கோபம்! இதயம் யாருடையது என்று அட்டையில் போட்டிருக்கிறது பாருங்கள், பையனுடையதா என்னுடையதா என்றேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். நகல் கிடைத்தது, அங்கேயே நின்று இரண்டு தடவை படித்தேன். பிறகு நேராக டாக்டர் அறை வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன். அவர் மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் இதயம் வைத்திருக்கிறார், அதைத் திறந்து திறந்து காட்டினார். அதை மூடி வையுங்கள், நம்பர் சொல்லுங்கள் என்றேன். என் வயதில் நூறு பேருக்கு இந்த ஆபரேஷன் செய்தால் மூன்று பேர் பிழைக்காமல் போகலாம், செய்யாமல் விட்டால் இரண்டு வருஷத்தில் நூறில் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள் என்றார். நான் காகிதத்தில் எழுதி அவரிடமே காட்டிச் சரியா என்று கேட்டேன். சரி என்றார். இப்போது நீ சொல், கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய மகளே, மூன்று பெரியதா ஐம்பது பெரியதா?

அன்று சாயங்காலம் உன் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். முதலில் பூசி மெழுகினான், பிறகு சமையலறையில் அந்த ஒழுகுகிற குழாய்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு அழுதான். அப்பாவை ஆபரேஷனுக்கு உள்ளே அனுப்பிவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தோமே, திரும்பி வரவே இல்லையே, இன்னொரு தடவை அந்த பெஞ்சில என்னால உட்கார முடியாதும்மா என்றான். மூணு பேர் என்று டாக்டர் சொன்னதற்கு மேல் அவன் காதில் எதுவும் ஏறவில்லையாம். நீயும் போனில் அதையே கேட்டு, அதையே நம்பி, இருக்கிற வரைக்கும் அம்மா சந்தோஷமா இருக்கட்டும், நான் ஒரு ட்ரிப் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாயாம். அதைக் கேட்டதும் உங்கள் இரண்டு பேரையும் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது, முதுகில் இரண்டு வைக்கவேண்டும் போலவும் இருந்தது. அடி அசடே, அப்பாவிடம் நாம் எதை மறைத்தோம்? அவருக்கு எல்லாம் தெரியும். டாக்டரை உட்காரவைத்து இருபது கேள்வி கேட்டார், வீட்டுச் சாவி எங்கே, எந்த ஜன்னல் சரியாகச் சாத்தாது என்று உன் அண்ணனிடம் சொன்னார், என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ பாட்டுக்குச் சாப்பிடாம உட்கார்ந்திருக்காதே என்று அதட்டிவிட்டுப் போனார். திரும்பவில்லை என்பது நம் கஷ்டகாலம். ஆனால் அவர் தெரிந்து போனார், அவராகப் போனார். அந்த மரியாதையை அவருக்குக் கொடுத்தீர்கள், எனக்கு ஏன் கொடுக்கவில்லை? அவர் ஆண்பிள்ளை, தாங்குவார், அம்மா தாங்கமாட்டாளா? மேலே போகக் கூடாது என்று டாக்டர் சொன்னது நியாயம்தான், அதை என்னிடம் சொல்லியிருந்தால் நானே அந்த டீக்கடையில் உட்கார்ந்து உன்னை மட்டும் ஏரியைப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பியிருப்பேன்.

இவ்வளவு கோபம் எதற்கு என்று நீ நினைக்கலாம், அதையும் சொல்லிவிடுகிறேன், இதுவரை உன் அப்பாவிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்து ஆறேழு வருஷம் இருக்கும், ஒரு தையல்காரப் பெண்ணுக்கு ரத்தத்தில் கெட்ட அணுக்கள், ஸ்லைடைப் பார்த்தவளே நான்தான். அவள் புருஷன் ரிப்போர்ட் கொடுக்கிற ஜன்னலில் வந்து, அவகிட்ட சொல்லிடாதீங்க, தாங்கமாட்டா என்று கெஞ்சினார். நான் தலையாட்டினேன். அந்தப் பெண் வந்து கேட்டபோது எல்லாம் நார்மல்தான், நல்லா சாப்பிடுங்க என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். ஆறு மாதம் கழித்து வந்தாள், பாதி ஆளாக. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உங்களுக்கு அப்பவே தெரியும்தானே என்று கேட்டாள். நான் ஸ்லைடைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். திட்டவில்லை அவள், 'தெரிஞ்சிருந்தா இந்த ஆறு மாசமும் அடுத்தவங்க துணியைத் தைச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்க மாட்டேனே'ன்னு மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு யார் வந்து கெஞ்சினாலும் ரிப்போர்ட்டை அவரவர் கையில்தான் கொடுத்தேன், மேலதிகாரியிடம் இரண்டு தடவை திட்டும் வாங்கினேன். அன்பினால்தான் அந்தப் புருஷன் கெஞ்சினார், எனக்குத் தெரியும். நீங்களும் அன்பினால்தான் செய்தீர்கள். அதனால்தான் இன்னும் எரிச்சலாக வருகிறது, வேறு யாராவது செய்திருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு விட்டிருப்பேன்.

ஆகவே நான் முடிவு செய்துவிட்டேன், உங்களைக் கேட்கவில்லை, தெரிவிக்கிறேன். அடுத்த மாதம் எட்டாம் தேதி ஆபரேஷன். பயம் இல்லையா என்றால் இருக்கிறது, காலையில் எழுந்ததும் ஒரு நிமிஷம் நெஞ்சு திக்கென்கிறது, பிறகு அண்ணனைத் திட்ட ஆரம்பித்தால் போய்விடுகிறது. நீ வரலாம், வரவேண்டும் என்றுதான் எனக்கு ஆசை, ஆனால் வாயில் சரிம்மாவோடு வருவதாக இருந்தால் அங்கேயே இரு. உன் பதிவில் நான் சின்ன வயது கதை என்று சொன்னதில் பாதி கற்பனை, உன் மேல் இருந்த சந்தேகத்தில் அளந்துவிட்டேன், அதையும் சேர்த்து வைத்துக்கொள். மலை நன்றாக இருந்தது, அதை மறுக்கமாட்டேன், முதல் நாள் அந்தப் பைன் மரங்களுக்கு நடுவில் வெயில் விழுந்ததே, அப்போது மட்டும் நீ எதற்கு அழைத்து வந்தாய் என்று யோசிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்கவேண்டும், சண்டை போட்டாலும் மறைக்காமல் இருக்கவேண்டும், இது அம்மாவின் ஆசீர்வாதம். டிக்கெட் எடுத்தால் ஏழாம் தேதிக்கு முன்னால் வருகிற மாதிரி எடு, கழுத்துக்குத் துணியை மறக்காதே. நேற்று அட்மிஷன் படிவத்தை நானே நிரப்பிக் கொடுத்தேன். நோயாளியின் நிலைமையை முதலில் யாரிடம் சொல்லவேண்டும் என்று ஒரு கட்டம் இருந்தது, அதில் என் பெயரை எழுதினேன், உன் பெயரை அதற்குக் கீழே எழுதினேன். கவுண்டரில் இருந்த பெண் பார்த்துவிட்டு, இங்க சொந்தக்காரங்க பேருதாம்மா எழுதணும், நீங்க மயக்கத்துல இருப்பீங்களே என்றாள். அவசரமில்லை, காத்திருங்கள், நான் கண் விழித்ததும் என்னிடம் சொல்லுங்கள் என்றேன்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் தீராத
உன் அம்மா