தலையாட்டியதில் போன லீவு

அன்புள்ள வீட்டு எஜமானிக்கு,

இங்கே நானும் தொப்பையும் சுகம். நீயும் பிள்ளைகளும் சுகமா? உன் முதுகுவலி தேவலையா?

சின்ன சேதிதான், பதறாதே. அடுத்த மாதம் நான் வரவில்லை. எங்கள் சலவைக்கூடத்தில் மிஷின் இரைச்சலுக்கு எல்லாமே கைஜாடைதான். சூப்பர்வைசர் காலண்டரைத் தட்டி, என்னைக் காட்டி, கையை விமானமாகப் பறக்கவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். எனக்கு வாயெல்லாம் பல். தலையை இடமும் வலமுமாக ஆட்டித் தொலைத்தேன். அவர் ஊரில் அதற்கு 'வேண்டாம்' என்று அர்த்தமாம். உத்தமத் தொழிலாளி என்று முதுகில் தட்டிவிட்டு, லீவை நம்மூர் இஸ்திரிக்காரருக்குக் கொடுத்துவிட்டார். விஷயம் தெரிந்து நான் ஓடுவதற்குள் டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. எனக்கு இனி அடுத்த வருஷம்தான்.

"கழுத்தைச் சும்மா வச்சிருக்கக் கூடாதாண்ணே?" என்கிறார் இஸ்திரிக்காரர், பெட்டி கட்டிக்கொண்டே.

இருபது வருஷம் உனக்கு ஆட்டிப் பழகிய கழுத்து, உன்னைப் பார்க்க வரும் நேரத்தில் காலை வாரிவிட்டது. இஸ்திரிக்காரர் திரும்பும்போது அதற்கு ஒரு தைலம் கொடுத்தனுப்பு.

இன்னொன்று. போனை முகத்துக்கு நேரே பிடித்துப் பேசு. மூன்று மாதமாக மின்விசிறியைத்தான் பார்க்கிறேன். "எனக்கென்ன கோபம்?" என்று நீ சொன்னால், மூக்கு நுனியைப் பார்க்காமல் நான் எப்படி நம்புவது?

ஷிப்டுக்கு மணி அடித்துவிட்டது.

உன் தலையாட்டி