குங்குமத்துக்கு அடியில்

ஆடி வெள்ளி, இரவு.

இந்த வீட்டு மூதாதை ஒருத்தியை இருநூறு வருஷத்துக்கு முன் தீட்டிய படம். சுமங்கலியாகவே இறந்துபோனவள் என்று இந்த வீட்டில் அவளைப் பூவாடைக்காரியாகக் கும்பிடுகிறோம். ஆடி வந்தால் எங்கள் தறியில் நெய்த புடவையைக் கழுத்துவரை சாத்தி, நெற்றியில் குங்குமம் வைக்க வேண்டும். என் வீட்டுக்காரர் போன பிறகு படம் இருக்கும் அறைக்குள் நான் போவதில்லை. ஓரகத்திதான் வைக்கிறாள்.

படத்தைச் சுத்தம் செய்யச் சென்னையிலிருந்து வந்த பெண், காலையில் பழைய குங்குமப் பொருக்கைப் பஞ்சால் மெல்ல எடுத்தாள்.

"பொட்டே வரையலைமா. தாலியும் இல்ல. புருஷன் இல்லாதவங்க போல இருக்குது" என்றாள்.

அறை வாசற்படிக்கு வெளியே நின்றே பார்த்தேன். என்னுடையதைப் போலவே வெறும் நெற்றி. இனி என்னையும் உள்ளே கூப்பிடுவார்கள் என்று ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன்.

"இத வெளிய சொல்லிக்கினு இருக்காதமா" என்று அந்தப் பெண்ணிடம் சொன்ன மாமியார், ஓரகத்தியைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் கட்டைவிரலால் குங்குமத்தை அழுத்தி வைத்தாள். நெற்றி மறைந்துவிட்டது.

பிறகுதான் மாமியாருக்கு என் ஞாபகம் வந்தது.

"நீ அங்கதான நின்னுக்கினு இருக்கே, அந்தக் கதவ சாத்துமா."

சாத்தினேன்.