படத்தில் திரும்பி வந்த தம்பி

4-6-82, வெள்ளி

காலையிலிருந்தே புழுக்கம். வாங்க: மண்ணெண்ணெய், சிவப்பு மை, அம்மாவுக்கு மாத்திரை.

என் நாவல் படமாகி இன்று ரிலீஸ். மேட்னி, அம்மாவுடன்.

நாவலில்: வருங்கால நகரம். அரசு பிடித்துப் போனவர்களின் பெயரை யாரும் சொல்லக் கூடாது. தம்பியைத் தேடி அலையும் அக்கா. அவன் வருவதேயில்லை. சேகரை நினைத்து எழுதியது. ஆறு வருடம் முன்பு வாடிப்பட்டியில் பஸ்ஸுக்கு நின்ற என் தம்பியை ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். யார், எங்கே, இன்றுவரை தெரியாது.

படத்தில்: அக்காவே இல்லை. தம்பிதான் ஹீரோ. டூயட் மூன்று. அட்டைப்பெட்டிக்கு வெள்ளி பெயின்ட் அடித்து ஒரு ரோபோ. பின்சீட்டில், "மாப்ள, தகர டப்பா நடந்து வருதுடா!" தியேட்டரே சிரித்தது. கடைசியில் சிறையை உடைத்து வந்து தாய் மடியில் விழுகிறான்.

அவமானம். போய்விடலாம் என்று திரும்பினால் அம்மா அழுதுகொண்டிருக்கிறாள்.

"வந்துட்டான், பாத்தியாத்தா?"

5-6, சனி

டைரக்டருக்கு டிரங்க் கால். இரண்டு மணி நேரம் காத்திருந்து, மூன்று நிமிஷம்.

"கதை உரிமைய கையெழுத்துப் போட்டுக் குடுத்தாச்சுல்ல டீச்சரம்மா? அவன் வரலைன்னா சனம் ஒத்துக்காதுங்க."

 வீட்டுக்கு வந்தால் பூட்டு. அம்மா தனியாக மேட்னிக்கு.

7-6, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. பரவை பஸ்ஸில் நிற்க இடமில்லை. கூட வேலை பார்க்கும் சரோஜா டீச்சர், "உங்க கதையா அது? பாதியிலயே எந்திரிச்சு வந்துட்டோம்." தலைவலி.

அம்மா நாலாவது தடவையாகப் படத்துக்கு. பொறுக்காமல், "அது சினிமாம்மா" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? ஆனா கதை நீ எழுதுனதுதான? நீ சும்மாவா எழுதுவ?"

11-6, வெள்ளி

படத்தைத் தூக்கிவிட்டார்கள். அம்மா தியேட்டர் வரை போய், வேறு போஸ்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். முகம் வாடிவிட்டது.

"உன் புஸ்தகத்துல இருக்கும்ல? அவன் வார எடத்த வாசி."

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. நானும் இதுவரை வாசித்துக் காட்டியதில்லை. கடைசிப் பக்கம். ரேஷன் கார்டில் அடித்து நீக்கப்பட்ட தம்பியின் பெயரை அக்கா விரலால் தடவுகிறாள். அதோடு நாவல் முடிகிறது. அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டே, "கதவு தட்டும் சத்தம். அம்மா திறந்தாள். அவன் நின்றுகொண்டிருந்தான்" என்று வாசித்தேன்.

"வந்து சாப்பிட்டானா?"

"சாப்பிட்டாம்மா."

"என்ன கொழம்பு?"