முட்டி வலியும் மாட்டு டானிக்கும்

என்னங்க,

குருவிநத்தத்தில் தங்கச்சியைப் பார்த்துவிட்டு மூன்று மணி பஸ்ஸில் வந்துவிடுவேன். இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. குழம்பை மட்டும் சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

பதினோரு மணிக்கு மாட்டு டாக்டர் வருகிறார். "இன்னாங்க, கால்சியம் டானிக் அதுக்குள்ள பாதியாயிடுச்சு?" என்று கட்டாயம் கேட்பார். மாடு குடித்தது என்று பொய் சொல்லாதீர்கள். பன்னிரண்டு நாளாக நீங்கள்தான் குடித்தீர்கள் என்று சொல்லி, உடம்புக்கு ஒன்றும் ஆகாதே என்று கேளுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. சாயங்காலம் மனுஷ டாக்டரிடமும் போவோம்.

முட்டி வலிக்கு ஷெரின் சென்னையிலிருந்து அனுப்பிய மாத்திரை டப்பா, சீல்கூடப் பிரிக்காமல் பீரோவில் கிடக்கிறது. "பொண்ணு அனுப்புன மருந்துடி, வலி போன எடம் தெரியல" என்று தெரு முழுக்க நடந்து காட்டினீர்களே, அவள் அனுப்பியது என்று நினைத்துக் குடித்த பாட்டிலில் இருந்த மாட்டுப் படம் கண்ணில் படவே இல்லையா?

இருந்தாலும் நேற்று என் அண்ணன் எதிரில் நான் அப்படி விழுந்து விழுந்து சிரித்திருக்கக் கூடாது. தப்புதான். தயவுசெய்து பேசுங்கள். நீங்கள் பேசாமல் வீடு வீடாகவே இல்லை.

லூசி

அடியில் இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். குதிகால் நரம்பு வலிக்கு அந்த டானிக்கில் இரண்டு மூடி குடித்தால் ஏதாவது ஆகுமா என்றும் டாக்டரிடம் கேளுங்கள். யாருக்கு என்று சொல்ல வேண்டாம். பஸ்ஸுக்கு நடக்க வேண்டுமே என்று காலையில் குடித்துவிட்டேன். சிரிக்காதீர்கள். வலி கொஞ்சம் குறைந்த மாதிரிதான் இருக்கிறது.