இரண்டாம் எண் இருக்கை

அக்கா,

முதலில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன், இதை யாருக்கும் காட்டாதே. உன்னோடு அறையில் தங்கியிருக்கும் அந்தச் சிரிக்கும் நர்ஸ் அக்காவுக்குக்கூட வேண்டாம். படித்ததும் கிழித்து உன் கப்பலிலிருந்து கடலில் போட்டுவிடு. வாராவாரம் போனில் பேசும்போது இதில் ஒரு வார்த்தை வாய் தவறியும் வந்துவிடக் கூடாது, அப்பா ஸ்பீக்கரில் போட்டு ஹாலில் வைத்துத்தான் பேச விடுவார். அம்மா வழக்கம்போலச் சொல்லச் சொல்ல நான் எழுதிய இரண்டு பக்கம் இதற்கு முன்னால் இருக்கும். நாள் முழுக்க ஆஸ்பத்திரி லாண்டரியில் இஸ்திரி போட்டுவிட்டு வந்தால் விரல் மடங்காது என்றுதானே எப்போதும் என்னை எழுத வைப்பாள். அந்த இரண்டு பக்கத்தில் நாங்கள் எல்லோரும் சுகம், நீயும் கடல் காற்றில் உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும் என்று இருக்கும். பின்பாதி உண்மை. முன்பாதி பொய், என் கையெழுத்தில் எழுதிய பொய். இப்போது எல்லோரும் படுத்துவிட்டார்கள். லெட்டர் பேடு தீர்ந்துவிட்டதால் அப்பா தூக்கி எறிந்த கார் பில்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். திருப்பிப் பார்த்தால் நான் சொல்வதெல்லாம் அங்கே அச்சடித்தே இருக்கும்.

அந்தக் காரைப் பற்றி அம்மா உனக்குச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா. நம் பழைய சின்ன வண்டியைக் கொடுத்துவிட்டு அப்பா பெரிய இன்ஜின் வைத்த ஹேட்ச்பேக் வாங்கியிருக்கிறார், பார்க்கப் பழையது அளவுதான் இருக்கும், காலை வைத்தால் பறக்கும் என்று. பறக்கத்தான் பறக்கிறது. வீட்டிலிருந்து அப்பா வேலை பார்க்கும் டைல்ஸ் குடோனுக்கு நாலு கிலோமீட்டர், நடுவில் பதினொரு சிக்னல், ஏழு வேகத்தடை. எங்கே பறப்பது என்று தெரியவில்லை. அப்பாவிடம் வேலை பழகியவர் போன வருடம் அவருக்கே மேனேஜராகிப் பெரிய காரில் வந்து பக்கத்தில் நிறுத்தினார் அல்லவா, அன்றைக்கே இது முடிவாகிவிட்டது என்று அம்மா ஒரு தடவை என்னிடம் சொன்னாள். பழைய வண்டிக்கு ஒரு தடவை பெட்ரோல் போட்டால் மாதம் ஓடும். இதற்கு எட்டு நாளைக்கு ஒரு தடவை, அதுவும் விலை கூடின பெட்ரோல், சாதாரணத்தைப் போட்டால் இன்ஜின் தட்டும் என்று மெக்கானிக் பயமுறுத்தியிருக்கிறார். ஆயில் இரண்டு மடங்கு விலை, பாதி நாளில் மாற்ற வேண்டும். சாலை வரி இன்ஜினின் அளவைப் பார்த்துப் போடுவதால் அதுவும் இரண்டு மடங்கு. டயரின் பக்கச் சுவர் இரண்டு விரல்கூட இல்லை, ஒரு குழியில் இறங்கினால் வெடிக்கும், வெடித்தும்விட்டது. ஒரு டயரின் விலையில் பழைய வண்டிக்கு நாலும் வாங்கியிருக்கலாம். இந்தத் தாளின் பின்னால் இருப்பது அந்த பில்தான். அந்த மாதம் என் கணக்கு டியூஷன் நின்றது. நீ அதற்கென்று அனுப்பிய பணம்தான் அக்கா அந்த டயர். டியூஷன் நன்றாகப் போகிறது என்று அம்மா சொல்லி நான்தான் உனக்கு எழுதினேன். எழுதும்போதே காது சூடாகிவிட்டது, நீ என்னைத் திட்டு.

டயர் சீக்கிரம் தேய்கிறது என்று அப்பா பழைய செட் ஒன்றை மலிவாக வாங்கி வந்து, வெளியே வைத்தால் திருடு போகும் என்று என் அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் அடுக்கிவிட்டார். அந்த அடுக்கின் மேல் பலகையை வைத்துத்தான் எழுதுகிறேன். துணி, தலையணை, சாப்பாட்டு டப்பா எல்லாம் ரப்பர் நாற்றம். காருக்குள்ளே இன்னொரு நாற்றம், கண்ணாடிக்குக் கீழே ஒரு வாசனை பாட்டில் ஒட்டியிருக்கிறார், ஏறினாலே எனக்கு வாந்தி வருகிறது. உள்ளே எதையும் தின்னக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது, செருப்பைக் கழற்றிப் பையில் போட்டு டிக்கியில் வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். ஓட்டும்போது பெடலிலிருந்து காலை எடுத்தால் சைலன்சர் பட் பட்டென்று வெடிக்கும். மாடி வீட்டு டீச்சர் அதற்கு இருமல் என்று பெயர் வைத்திருக்கிறார், சாயங்காலம் ஜன்னலில் எட்டிப் பார்த்து உங்க வீட்டு இருமல் இன்னும் வரலையா என்று என்னைக் கேட்பார். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது.

இன்ஷூரன்ஸ் கதையை நீ தெரிந்துகொள்ள வேண்டும், அதுதான் எல்லாவற்றுக்கும் வேர். அப்பா பேரில் ஏற்கெனவே இரண்டு இடித்த கேஸ், ஒரு வேக அபராதம். அதனால் இந்த இன்ஜினுக்கு அவர் பேரில் கேட்டபோது கம்பெனி சொன்ன தொகை அம்மாவின் மூன்று மாதச் சம்பளம். நம் ஏஜென்ட் இருக்கிறாரே, சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருப்பாரே, பேனா மாமா, அவர்தான் வழி சொன்னார். அம்மா பதினொரு வருடம் பழைய வண்டியை ஓட்டி ஒரு கீறல்கூட வைத்ததில்லை, வண்டியை அவங்க பேர்ல வாங்கி அவங்கதான் ஓட்டுறாங்கன்னு எழுதிக் கொடுங்க, பாதிக்குப் பாதி குறையும் என்றார். அப்படியே எழுதினார்கள். அப்பா எப்போதாவது ஓட்டுபவர் என்றுகூட அதில் இல்லை. அம்மா அந்த வண்டியை ஒரே ஒரு தடவை, காலி மைதானத்தில் ஓட்டினாள். கால் பட்டதும் எகிறிக் குதித்தது, இறங்கிச் சாவியைக் கொடுத்துவிட்டாள். அன்றைக்குத்தான் அந்த இருக்கை விஷயம். ஓட்டுநர் இருக்கை கரன்டில் நகரும், கதவில் ஒன்று, இரண்டு என்று பொத்தான் இருக்கும், ஒன்றை அமுக்கினால் அப்பாவின் உயரத்துக்குப் பின்னால் போகும், இரண்டை அமுக்கினால் அம்மாவுக்கு முன்னால் வரும். இதுக்குத் தனியாக் காசு கட்டினேன், உனக்கும் ஒரு நம்பர் வச்சிருக்கேன் என்று அப்பா சொன்னார். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். உனக்கும் எழுதச் சொன்னாள், உங்கப்பா எனக்கும் ஒரு நம்பர் வச்சிருக்கார் என்று. போன மாதக் கடிதத்தில் கடைசி வரி அதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் வந்துகொண்டிருந்தோம். அப்பா ஓட்டினார், அம்மா பக்கத்தில், நான் பின்னால். முன்னால் ஒரு பஸ் நின்றது. அப்பா நிற்கவில்லை, இப்பப் பாரு என்று சொல்லிக் காலை அழுத்தினார், என் தலை பின்னால் போய் இடித்தது. பஸ்ஸுக்கு முன்னாலிருந்து டைலர் மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்தார். நம் பள்ளிக்கூட யூனிஃபார்ம் எல்லாம் தைப்பாரே, எனக்குத் தைக்கும்போது வளர்ற பொண்ணு என்று மடிப்பை அகலமாக விடுவாரே, அவர்தான். சத்தம் பெரிதாகக்கூட இல்லை அக்கா. யூனிஃபார்ம் மூட்டை அவிழ்ந்து சாலை முழுக்க நீலமாகக் கிடந்தது. அம்மா கதவைத் திறந்து ஓடினாள், செருப்பு டிக்கியில் இருந்தது, முன்விளக்குக் கண்ணாடி உடைந்து கிடந்ததில் வெறுங்காலோடு மிதித்து ஓடி அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அப்பா இறங்கவில்லை. அவர் கை கதவுப் பக்கம் போனது, கைப்பிடியைத் தேடுகிறார் என்று நினைத்தேன். இரண்டாம் எண்ணை அமுக்கினார். வெளியே டைலர் மாமா அம்மா அம்மா என்று கத்திக்கொண்டிருக்கிறார், உள்ளே இருக்கை உய்ங் என்று மெதுவாக முன்னால் நகர்கிறது, அப்பா முழங்காலை மடக்கிக்கொண்டு அது நகர்ந்து முடியும்வரை உட்கார்ந்திருந்தார். கண்ணாடிகூடத் தானாகத் திரும்பி அம்மாவின் உயரத்துக்கு வந்தது. அதில் ஒரு நொடி என்னைப் பார்த்தார். அப்புறம்தான் இறங்கினார்.

ஆள் சேருவதற்குள் அவர் சுற்றி வந்து நின்று, என் பொண்டாட்டிதான் ஓட்டினா, பாவம் பதறிட்டா என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். பஸ் போய்விட்டது. ஒரு அம்மாள் குனிந்து நம் அம்மாவின் முகத்துக்கு நேரே, ஓட்டத் தெரியலன்னா எதுக்குடி ஓட்டுறே என்று கேட்டாள். அம்மா வாயே திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து அப்பா முன்விளக்குக்கு எதிரே குத்த வைத்து உட்கார்ந்து, இது மட்டும் எவ்வளவு தெரியுமா என்று ஒரு தொகை சொன்னார், உடைந்த ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே. டைலர் மாமாவுக்குக் கால் இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது அதற்கு அப்புறம். அவருடையது காலால் மிதிக்கும் மெஷின் அக்கா. பழைய வண்டியில் ஜன்னல் ஏறாமல் மழை அடித்தபோது தன் சட்டையைக் கழற்றி என் பக்கத்து இடைவெளியில் அடைத்த அப்பாவும் இவரும் ஒரே ஆள்தானா என்று யோசித்து யோசித்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் என் தலையைத் தொட்டால் உடம்பு கூசுகிறது. இப்படி எழுதக் கூடாதுதான்.

நாளைக்குப் பத்து மணிக்குக் கம்பெனியிலிருந்து விசாரிக்க ஆள் வருகிறார். அம்மா ஃபாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், வண்டியில் இருந்தவள் என்று என்னையும் கேட்பார்களாம். மூன்று நாளாகச் சாப்பாட்டு மேஜையில் எனக்குப் பாடம் நடக்கிறது. யார் ஓட்டினது, அம்மா. அப்பா எங்க இருந்தார், பக்கத்துல. நீ, பின்னாடி. நேற்று நான் கொஞ்சம் நிதானித்ததற்கு, யோசிக்காமச் சொல்லு, யோசிச்சா சந்தேகம் வரும் என்றார். சரியாகச் சொன்னால் முதுகில் தட்டிக் கொடுக்கிறார், பரீட்சையில் மார்க் வாங்கினதுபோல. நான் முடியாது என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அப்பா கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. மெதுவாகச் சொன்னார், "நான் ஓட்டினேன்னு தெரிஞ்சா கம்பெனி கையை விரிச்சிடும். அப்புறம் அந்த டைலருக்கு ஒத்தக் காசு வராது. அவரு கால நொண்டியாக்கினது நீதான்னு ஆகும், பரவாயில்லையா?" இதற்குப் பதில் உனக்குத் தெரியுமா. பொய் சொன்னால் அவருக்குக் கால் கிடைக்கும், அம்மாவின் மேல் கேஸ் வரும், லைசென்ஸ் போகும், நாளைக்குத் தெருவில் எல்லோரும் அம்மாவைக் காட்டிச் சொல்வார்கள். உண்மையைச் சொன்னால் அவருக்கு ஒன்றும் இல்லாமல் போய்விடுமோ.

அம்மாவின் உள்ளங்காலில் இன்னும் கண்ணாடித் தூள் இருக்கிறது, ராத்திரி ஊசியை வைத்துக் குத்தி எடுக்கிறாள். டைலர் மாமா படுத்திருக்கும் வார்டுக்குப் போகும் விரிப்புகளை அவள்தான் தேய்த்து மடிக்கிறாள். நேற்று தானே கொண்டுபோய்க் கொடுத்தாளாம். அவர் கண்ணைத் திறந்து பார்த்து, "உங்க மேல கோவம் இல்லம்மா. புது வண்டி, உங்களுக்குக் கை பழகல" என்றாராம். வந்து என்னிடம் இதைச் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இன்றைக்குச் சாயங்காலம் உனக்குக் கடிதம் சொல்லும்போது வண்டி நல்லா ஓடுது, ஒரு குறையும் இல்லன்னு எழுது என்றாள். நான் அவளைப் பார்த்தேன். எழுதுடி என்றாள். எழுதினேன்.

இந்தக் கடிதத்தை வைத்து அம்மா அனுப்பும் பார்சல் உன் கைக்கு வர இருபது நாள் ஆகும், அதற்குள் நான் நாளைக்குச் சொன்னது சொன்னதாகிவிடும் என்று தெரியும். நீ வந்து காப்பாற்ற வேண்டும் என்று எழுதவில்லை. நான் பொய் சொல்லிவிட்டால், சொல்வதற்கு முன்னால் எனக்கு உண்மை தெரிந்திருந்தது என்று ஒரு ஆளுக்காவது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பத்து மணிக்கு அவர் என்னைப் பார்த்து யார் ஓட்டினது என்று கேட்கும்போது எனக்கு அந்த உய்ங் சத்தம்தான் கேட்கும், அப்போது என் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை அக்கா, நான் நினைத்திருப்பது என்னவென்றால் முதலில் அம்மாவிடம் போய்

கதவைத் தட்டுகிறார்கள். விளக்கை

கண்ணே, இது அம்மா. நானே என் கையால் எழுதுகிறேன், கோணல் மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். உனக்கு அனுப்பும் கண் மருந்தைப் பார்சலில் வைக்க மறந்துவிட்டேன் என்று வந்து தட்டினேன். சின்னவளால் தாளை ஒளிக்க முடியவில்லை. இந்த டயர் மேலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துவிட்டேன். இருக்கை நகர்ந்தது எனக்கு இத்தனை நாள் தெரியாது. நான் அப்போது டைலர் பக்கத்தில் இருந்தேன். உங்கப்பா பதற்றத்தில் என் பேரைச் சொல்லிவிட்டார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கென்று ஒரு நம்பர் வைத்ததை எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பேன்.

நாளை வருபவர் பிள்ளையிடம் ஒன்றும் கேட்க வேண்டியிருக்காது. அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் நான் சொல்லிவிடுவேன், நான் ஓட்டவில்லை, பக்கத்தில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தேன், முதல் ஃபாரத்தில் போட்ட கையெழுத்தும் பொய்தான் என்று. கம்பெனி கையை விரித்தால் விரிக்கட்டும். வண்டி என் பேரில்தானே இருக்கிறது, மலிவுக்காக என் பேரில் எழுதியது நல்லதாகப் போயிற்று. அதை விற்று டைலரின் காலுக்குக் கொடுப்பேன். அவரிடம் நானே போய்ச் சொல்வேன். உங்கப்பா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், நீ அதற்காகக் கவலைப்பட்டுச் சாப்பிடாமல் இருக்காதே. சின்னவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள், அதனால் இன்னும் மோசமாக வருகிறது எழுத்து.

மருந்தை ராத்திரி படுக்கும்போது இரண்டு சொட்டு விடு, மறக்காதே. டியூஷன் பணத்தை இனிமேல் இவள் பேருக்கே அனுப்பு. எந்தக் கரையில் இறங்கினாலும் பத்திரமாக ஏறி வா, நீண்ட ஆயுளோடு, யாருக்கும் தலை குனியாமல் இரு. இதைக் கிழிக்க வேண்டாம். முதல் இரண்டு பக்கத்தை மட்டும் கிழித்துப் போட்டுவிடு. நீ சுகமாக இருக்க வேண்டும் என்று சொன்னதைத் தவிர அதில் வேறெதுவும் மெய்யில்லை.

இப்படிக்கு,
தானே எழுதிய உன் அம்மா